சம்பந்தி எலையில கை வச்சவன்

வேணாம் தம்பி, நீங்க சாப்பிடுங்க. சீனிப்பாகுல ஊறுன பால்பன் எனக்குப் பிடிக்காதுன்னு இல்ல. ஒரே எடத்துல நின்னு நாலு பன்னத் தின்ன ஆளு நான். இப்ப வேணாம். வயிறு கொஞ்சம் சரியில்ல... அட, ஒங்ககிட்ட என்னத்துக்குப் பொய் சொல்லணும்? நீங்க யாரோ, நான் யாரோ, பஸ்சுல பக்கத்துப் பக்கத்து சீட்டு, அம்புட்டுதான். சுகரு. சாதா சுகரு இல்ல, ஊசி போடுற சுகரு. சொல்லிட்டேன் பாருங்க. எங்க ஊருல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. மொதமொத ஒங்ககிட்டத்தான் வாயத் தொறந்திருக்கேன்.

அந்தப் பையி மேல காலு பட்டுறாமப் பாத்துக்கங்க. கண்ணாடி வளையல். எங்க சக்திக்கு இன்னிக்கு வளைகாப்பு, பெரியகுளத்துல அவ மாமியா வீட்டுல. சக்தி எந் தங்கச்சி மக. நான் தாய்மாமன். தாய்மாமன் இல்லாம வளைகாப்பு உண்டா, நீங்களே சொல்லுங்க. கூப்பிட்டாகளான்னா, கூப்பிடல. தங்கச்சியும் அவ புருசனும் வேன் பிடிச்சு, சொந்தபந்தத்த ஏத்திக்கிட்டு, பலகாரச் சட்டியெல்லாம் அடுக்கிக்கிட்டு விடியவே கெளம்பிட்டாக. எங் கடை வாசல் வழியாத்தான் வேன் போச்சு. நான் பாத்தேன். அவுக பாத்தாகளான்னு தெரியல.

பேரு சௌந்தரபாண்டி. வத்தலக்குண்டுல மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை. தோட்டத்து மோட்டாரு எரிஞ்சுபோச்சுன்னா எங்கிட்டதான் தூக்கிட்டு வருவாக. கடைக்குப் பின்னாடியே ஒரு ரூம்பு, அதுலதான் வாசம். கல்யாணம் கெடையாது. ஆத்தா அப்பன் சீக்கிரமாப் போயிட்டாக. தங்கச்சி பஞ்சவர்ணத்துக்கு முடிச்சுவிட்டு நான் பண்ணிக்கலாம்னு இருந்தேன். அவளுக்கு முடிச்சேன். அப்பறம் அவ மக பொறந்துச்சு, காது குத்து, சடங்குன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துச்சு. எனக்குன்னு கேக்க ஆளு இல்ல, அப்பிடியே நின்னுபோச்சு. தனியாக் கெடக்குறேன்னு நெனச்சுறாதீக. கடைக்கு எந்நேரமும் ஆளு வரும். மோட்டாரத் தூக்கிக்கிட்டு.

நோய் வந்தது போன வருசம். தண்ணி தண்ணின்னு குடிக்கேன், குடிச்சதெல்லாம் ஒண்ணுக்காப் போகுது. திங்கிறது மட்டும் குறையல, ஆளு கருவாடாக் காயுறேன். சட்ட தொளதொளன்னு ஆகிப்போச்சு. மதுரையில ஒரு டாக்டருகிட்டப் போனேன். ஊருக்குள்ள பாத்தா பேச்சாயிரும்ல. ரத்தத்த எடுத்தாக, பாத்தாக. மாத்திர குடுங்க சாமி, ஒழுங்காத் திங்கிறேன்னேன். மாத்திரைக்குக் கேக்காதுய்யா, ஒங்க ஒடம்புல அது சுரக்குறதே நின்னுபோச்சு, இனி இருக்குற காலம் பூரா ஊசிதான்னுட்டாரு. நான் சிரிச்சுட்டேன். ஊருல எரிஞ்ச காயிலப் பூராம் கட்டுற ஆளு நான், எனக்குள்ள எரிஞ்சுபோனதுக்குக் கட்ட வழி இல்ல பாருங்க.

அங்க ஒரு நர்சம்மா ஊசி போடச் சொல்லிக் குடுத்துச்சு. வயித்துலயே போட்டுக்கிட்டு இருந்தா எடம் தடிச்சுப்போகும், தொடையில ஒரு நாளு, கைக்குப் பின்னாடி ஒரு நாளுன்னு மாத்தி மாத்திப் போடணுமாம். கைக்குப் பின்னாடி நம்மளாப் போட்டுக்க எட்டாது. வீட்டுல போட்டுவிட ஆளு இருக்காங்களான்னு கேட்டுச்சு. இருக்காகன்னு சொன்னேன். யாருன்னு கேட்டுச்சு. எல்லாரும் இருக்காகன்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் கைக்குப் பின்னாடி போட்டதில்ல. வயிறும் தொடையும்தான்.

மருந்தக் குளுந்த எடத்துல வைக்கணும். எங்கிட்ட ஏது பிரிட்ஜு? பக்கத்துல சோடாக்கடை பெரியகருப்பன் கிட்டக் குடுத்து வச்சேன். என்னண்ணே இதுன்னான். நாய்க்குப் போடுற மருந்துடான்னேன். சரிண்ணேன்னு வாங்கிக் கலர்ப் பாட்டிலுகளுக்குப் பின்னாடி வச்சான். எங்கிட்ட நாயே கெடையாது. அவனுக்கு அதெல்லாம் தோணல, வெள்ளந்திப் பய. அவன் பொண்டாட்டியும் எந் தங்கச்சியும் ஒரே மகளிர் குழு, எந்நேரமும் கூட்டத்துல ஒண்ணாத்தான் ஒக்காந்திருப்பாக. ஆனாலும் ஒரு வார்த்த வெளிய போகல தம்பி. அந்த விசயத்துல நான் கெட்டிக்காரன்.

ஏன் மறைச்சேன்னு கேக்குறீகளா? சக்திக்கு நிச்சயம் ஆன நேரம் அது. சம்பந்தகாரம்மா தரகருகிட்ட மொதக் கேள்வியே என்ன கேட்டாக தெரியுமா? பொண்ணு வழியில நோய்நொடி உண்டான்னு. ஊசி போடுற சுகருன்னு ஒரு சொல்லு காதுல விழுந்துச்சுன்னா முடிஞ்சுச்சு. அது பரம்பரையா வரும், தாய்மாமனுக்கு இருந்தா மருமகளுக்கு வரும், அவ பிள்ளைக்கு வரும்னு ஆளாளுக்கு டாக்டராயிருவாக. தூக்கி வளத்த பிள்ள தம்பி. எனக்காக அவ கல்யாணம் நிக்கவா? வாயத் தச்சுக்கிட்டேன். பஞ்சவர்ணத்துக்கிட்டக்கூடச் சொல்லல.

அவ நடந்துக்கிட்டது எப்பிடின்னு கேளுங்க. ஞாயித்துக்கெழமன்னா எனக்கு மதியச் சோறு தங்கச்சி வீட்டுலதான். காலகாலமா அப்பிடித்தான். கறிக்கொழம்பு, நெல்லுச் சோறு, கடைசியில ஒரு இனிப்பு. சக்திக்கு நிச்சயம் ஆனதும் திடீர்னு எல்லாத்தையும் மாத்திட்டா. எனக்குத் தட்டுல கேப்பக்களி, கீரை, முருங்கக்காய். கீரையில உப்பு ஒறப்பாச்சும் இருக்கணும்ல, அதுவும் இல்ல. சம்பந்திமாரு வந்தா மட்டும் கேசரியும் மைசூர்பாகும் மணக்குது. என்ன தாயி, அண்ணனுக்கு அரிசி இல்லையான்னு கேட்டேன். ஒடம்புக்கு நல்லதுண்ணே, தின்னுட்டுப் பேசாமப் போன்னா. புதுச் சொந்தம் வந்துட்டா பழைய சொந்தம் கசக்கும்பாக, சரிதான்னு நெனச்சுக்கிட்டேன். கேப்பக்களி சுகருக்கு நல்லதாப் போச்சு, அது என் நேரம்.

கல்யாணம் எங்க ஊரு மண்டபத்துல. தாய்மாமன் சீரு நான்தான எடுத்தேன். மேளம் வச்சுத் தட்டுத் தட்டாக் கொண்டுபோயி எறக்குனேன். நல்ல நேரத்துல தாலி ஏறிருச்சு. மொதப் பந்திக்கு எல போட்டாக. மாப்ள வீட்டு ஆளுக ஒக்காருறாக. பொண்ணோட தாய்மாமன் பந்தியில எலைக்கு எல நின்னு, அத வையி, இத வையின்னு கவனிக்கணும். அவுக சாப்பிட்டுக் கையக் கழுவுற வரைக்கும் பொண்ணு வீட்டு ஆளு பல்லுல பச்சத்தண்ணி படக் கூடாது. எங்க பக்கத்துல அது சட்டம் மாதிரி.

அங்கதான் தப்புக் கணக்குப் போட்டேன். ஊசி போட்டா அர மணி நேரத்துல சோறு உள்ள போயிறணும், இல்லைன்னா ரத்தத்துல சீனி மளமளன்னு எறங்கிரும்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. மொதப் பந்தி என்ன, பொசுக்குன்னு முடிஞ்சுரும், ரெண்டாம் பந்தியில நம்ம ஒக்காந்துருவோம்னு பாத்ரூமுக்குள்ள போயி வேட்டிய வெலக்கித் தொடையில போட்டுட்டு வந்துட்டேன்.

வந்து நின்னா, பந்தியில சண்ட. மாப்ளைக்குப் பெரியப்பா ஒருத்தரு. அவருக்கு வடை வைக்காமத் தாண்டிப் போயிட்டான் ஒரு பய. மனுசன் எலைய மடிச்சுட்டாரு. அவரு எந்திரிச்சதும் அவரு பக்கத்து ஆளுக அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுட்டாக. நான் ஓடிப்போயிக் கும்பிட்டேன். அவரு மண்டப வாசல்ல போயி நின்னுக்கிட்டாரு. அங்க போயிக் கும்பிட்டேன். கூட்டியாந்து ஒக்கார வச்சு, மறுபடி எல போட்டு, மறுபடி உப்புல இருந்து ஆரம்பிக்கிறாக. எனக்கு வேர்க்குது. பட்டுச் சட்டை முதுகோட ஒட்டுது. எலையெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. அடுப்படி பத்தெட்டுல இருக்கு தம்பி, கேசரிச் சட்டி தொறந்தே கெடக்கு. ஒரு கை அள்ளி வாயில போட்டிருந்தா முடிஞ்சுச்சு. பொண்ணோட தாய்மாமன் அடுப்படியில நின்னு அள்ளித் தின்னான்னு ஒருத்தன் பாத்துட்டான்னா? போகல. சக்திக்காகத்தான் போகல.

அதுக்கப்பறம் நடந்தது எனக்கு நெனப்பு இல்ல. மத்தவக சொல்லித்தான் தெரியும். நான் தள்ளாடித் தள்ளாடி வந்திருக்கேன். பெரியப்பாவப் பாத்து, ஒரு வடைக்கு இம்புட்டுப் பவுசாய்யான்னு கேட்டிருக்கேன். கேட்டுட்டு நேராச் சம்பந்தி முன்னாடி போயி, மாப்ளையப் பெத்தவரு, அவரு தின்னுக்கிட்டு இருக்காரு, அவரு எலையில கைய வச்சுக் கேசரிய அள்ளியிருக்கேன். எச்சி எலையில! வாய்க்குக் கொண்டுபோகுறதுக்குள்ள சாம்பார் வாளி மேலயே சாஞ்சுட்டேன். அவரு பட்டு வேட்டி பூராம் சாம்பாரு.

கூட்டம் கூடிப்போச்சு. என்னாச்சு, என்னாச்சுங்குறாக. அந்த நேரத்துல ஒருத்தி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு வந்து கத்துறா. பாவி, குடிச்சுட்டு வந்து எம் மக கல்யாணத்துல மானத்த வாங்கிட்டானே, இவன் வெளங்குவானா, தூக்கிட்டுப் போங்கய்யா இந்தக் குடிகாரனன்னு. யாரு? பஞ்சவர்ணம்தான். எங் கூடப் பொறந்தவ. வேற யாரும் சொல்லல தம்பி, அவ சொல்லித்தான் ஊரு சொல்லுச்சு. நான் சாராயக்கடை எந்தத் தெசையில இருக்குன்னு தெரியாத ஆளு. அவளுக்கு அது தெரியும்.

அன்னையிலிருந்து நான் குடிகாரன். காயில் கட்ட வர்ற ஆளுக வாயை மோந்து பாக்குறாக. எங் கையில மோட்டாரக் குடுக்க யோசிக்கிறாக. ஞாயித்துக்கெழம சோறு நின்னுபோச்சு. கொஞ்ச நாளைக்கு வீட்டுப்பக்கம் வராதீக, சம்பந்தி வீட்டாளுக வந்து போற எடம்னு அவ புருசன் வந்து சொல்லிட்டுப் போனாரு. இப்ப ஞாயித்துக்கெழம நானே பொங்கித் திங்கிறேன். ஊசியக் குத்திட்டுச் சோத்துப் பானை முன்னாடி ஒக்காந்திருக்கேன், வேகுற வரைக்கும். அந்த நேரம் யாரோடயாவது ஒரு வார்த்த பேசணும்போல இருக்கும். ரேடியோவப் போட்டுக்குவேன்.

ஆனா பாருங்க, பஞ்சவர்ணத்து மேல எனக்கு ஒரு துளி கோவம் கெடையாது. சத்தியமா. அவளுக்கு என்ன தெரியும்? பாத்தது அம்புட்டுதான், தள்ளாடுனேன், ஒளறுனேன், விழுந்தேன். பொம்பளை, பதறிச் சொல்லிட்டா. இப்ப சக்திக்கு ஏழு மாசம். கட்டுன புருசன் நல்லபடியா வச்சிருக்கான். இனி யாரும் கல்யாணத்த நிப்பாட்ட முடியாதுல்ல? அதான் இன்னிக்குப் போயிச் சொல்லப் போறேன். சபையில இல்ல, அவள மட்டும் தனியாக் கூப்பிட்டு, சட்டையத் தூக்கி வயித்துல ஊசி போட்ட தடத்தக் காட்டப் போறேன். தாயி, ஒன் அண்ணன் குடிக்கலன்னு சொல்லுவேன். அவ என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியும். அய்யோ அண்ணே, தெரியாமப் பேசிட்டேனேன்னு காலக் கட்டிக்கிட்டு அழுவா. அழுக விடக்கூடாது, வயித்துப் பிள்ளக்காரி இருக்குற வீடு. வாய மூடு தாயின்னு தலையத் தடவி விட்டுட்டு ஒரு மூலையில ஒக்காந்துக்குவேன். சோறு கூட வேணாம். இது நடக்குற மாதிரி மனசுக்குள்ள பாத்துக்கிட்டேதான் தெனமும் படுக்கேன் தம்பி.

என்ன கேட்டீக?

எப்பிடித் தெளிஞ்சுச்சுன்னா... தெளிஞ்சுச்சு. அதுவாத்தான். இல்லையா? அதுவாத் தெளியாதா? ஆமா, டாக்டரும் அப்பிடித்தான் சொன்னாரு. உள்ள இனிப்புப் போகலைன்னா ஆளு போய்ச் சேந்துரும்னு. நான் அத யோசிச்சுப் பாத்ததில்ல. உசுரோட எந்திரிச்சமா, வீட்டுக்கு வந்தமான்னு இருந்துட்டேன்.

சாமான் ரூம்புல போட்டிருந்தாக. மண்டபத்துச் சமையக்காரரு அரிசி பருப்பு மூட்டையெல்லாம் போட்டு வச்சிருந்த ரூம்பு. கண்ணு முழிக்கிறப்ப கதவு சாத்தியிருந்துச்சு. தலை யாரு மடியிலயோ இருந்துச்சு. பட்டுச் சேலை, அந்தப் புதுச்சேலை வாடை. வாயெல்லாம் சீனி. கொஞ்சம் இல்ல, கை கையா அள்ளித் திணிச்சிருக்கு, பல்லு இடுக்குல எல்லாம் நறநறங்குது. தண்ணியத் தொட்டுத் தொட்டு ஒதட்டுல வச்சு, தொண்டையத் தடவிவிட்டு, முழுங்குண்ணே, முழுங்குண்ணேன்னு... வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டுனப்ப மேல் பையிலகூடச் சீனி கொட்டுச்சு. எறும்பு மொச்சுருச்சு சட்டைய.

மடியில போட்டு அண்ணேன்னு என்னக் கூப்பிட அவ ஒருத்திதான் தம்பி அந்த மண்டபத்துல.

இருங்க. குடிகாரனுக்குத் தெளிய மோரு குடுப்பாக. எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு விடுவாக. தலையில ஒரு கொடம் தண்ணிய ஊத்துவாக. எங்க ஊருல சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும் அது. குடிகாரன் வாயில யாராச்சும் சீனிய அள்ளிக் கொட்டுவாகளா? வெளிய நின்னு குடிகாரன்னு கத்தி வாய மூடல, உள்ள வந்து சீனி மூட்டையப் பிரிச்சிருக்கா. என்னத்துக்குச் சீனி? யாரு சொன்னா இவளுக்கு?

பெரியகருப்பன் பொண்டாட்டி.

அந்தக் கேப்பக்களி. நிச்சயத்துக்கு அடுத்த வாரமே கேப்பக்களி.

அவளுக்கு எல்லாம் தெரியும் தம்பி. அன்னிக்கு முன்னாடியே தெரியும். என்னாச்சு என்னாச்சுன்னு கூட்டம் கேட்டப்ப, யாரும் நோயின்னு ஒரு வார்த்த சொல்லிறக்கூடாதுன்னு முந்திக்கிட்டா. குடிகாரன்னா ஒரு நாளு சிரிப்பாக, விட்டுருவாக. நோயின்னா பொண்ணு வழியில ஏறிக்கும். நான் வாயத் தச்சுக்கிட்டது எதுக்கோ, அவ வாயத் தொறந்ததும் அதுக்குத்தான். சரிதான். நான் அவ எடத்துல இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பேனோ என்னமோ. உசுரக் காப்பாத்திட்டால்ல. அந்தச் சீனி இல்லைன்னா இன்னிக்கு நான் இந்த பஸ்சுல ஏது? நீங்க சொல்லுறது சரி தம்பி, நல்ல மனசு இல்லாமலா மடியில தூக்கிப் போடுவா. சரிதான், சரிதான்.

ஆனா கல்யாணம் முடிஞ்சுச்சே. மறுநாளு வந்திருக்கலாம்ல? இருட்டுன பிறகாவது வந்து கடைக் கதவத் தட்டி, அண்ணே, எனக்குத் தெரியும்ணே, வேற வழியில்லாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த. அந்த ஒரு வார்த்த போதும் தம்பி, சாகுற வரைக்கும் குடிகாரன்னே இருந்துட்டுப் போவேன். தெரியும், ஆனா வரல. நான் ஊசி போட்டுக்கிட்டு ஒத்தையில ஒலை வச்சுத் திங்கிறேன்னு தெரியும். மறுபடி எங்கயாவது விழுந்தா சீனி போட ஆளு இல்லைன்னும் அவளுக்குத் தெரியும். வேன் எங் கடையத் தாண்டிப் போறப்பயும் தெரிஞ்சுதான் போச்சு.

இப்ப நான் போயி என்னத்தச் சொல்ல? சட்டையத் தூக்கித் தடத்தக் காட்டுனா அவ அழ மாட்டா. அழுறதுக்கு அவளுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லையே.

அவ தெரியாமச் சொன்னான்னு நெனச்சுத்தான் தம்பி நான் இம்புட்டு நாளும் தாங்குனேன்.

பெரியகுளமா? வந்துருச்சா? ஆமா, விசிலடிச்சுட்டான்ல. நீங்க எந்திரிக்காதீக, நான் எறங்கல. கண்டக்டர் தம்பி, யாரும் எறங்கலப்பா, வண்டிய எடுக்கச் சொல்லு.

ஒங்க ஊரு எதுன்னு நான் ஒரு வார்த்த கேக்கவே இல்ல பாருங்க. எம் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வந்திருக்கேன். எங்க போறீக? போடியா? கண்டக்டர் தம்பி, எனக்குப் போடிக்கு ஒண்ணு குடுங்க. ஆமாப்பா, பெரியகுளத்துக்குத்தான் எடுத்தேன், இப்ப போடிக்குப் போறேன்.

போடியில எனக்கு யாரு இருக்கான்னா... யாரும் இல்ல தம்பி. நீங்க எறங்குற வரைக்கும் பேசிக்கிட்டு வாரேன், அம்புட்டுதான்.